லிப்ரெஆஃபிஸ் ரைட்டரைத் தமிழுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

கருவிப்பட்டையில் எழுத்தின் அளவை 14 என்று வைக்கிறீர்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் எழுத்து 12-க்கே திரும்பிவிடுகிறது. பிடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் மாறுகின்றன; தமிழ் அப்படியே நிற்கிறது. லிப்ரெஆஃபிஸின் ஆவணம் எழுதும் செயலியான ரைட்டரில் தமிழ் எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. மென்பொருளில் பழுது ஒன்றும் இல்லை. ஒரே ஆவணத்துக்குள் ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ், இந்தி, அரபு போன்ற எழுத்துகளுக்கு இன்னோர் எழுத்துருவையும் ரைட்டர் வைத்திருக்கிறது. முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவது ஏன் மாறவில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒருமுறை உட்கார்ந்து அமைப்புகளைச் சரிசெய்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். அமைப்புப் பெட்டியில் இருப்பதையெல்லாம் தொட வேண்டியதில்லை; முக்கால் பங்கை இருக்கிறபடியே விட்டுவிடலாம். மொழி, எழுத்துரு, சேமிப்பு, தானியங்கித் திருத்தம் ஆகிய நான்கும்தான் தமிழில் எழுதுபவருக்கு முக்கியம். அவற்றை விரிவாகவும் மற்றவற்றைப் போகிற போக்கிலும் பார்க்கலாம்.

லிப்ரெஆஃபிஸ், 2010-இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்த இலவச, கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பெரும்பாலோர் ஆங்கில இடைமுகத்தையே பயன்படுத்துவதால், திரையில் தெரியும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு பெயர்கள் மாறியிருக்கலாம். இருக்கும் இடம் பெரிதாக மாறவில்லை.

எந்த மாற்றம் எங்கே போய்ச் சேர்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் அமைப்புகளில் கைவைத்தால் பாதி உழைப்பு வீண். ரைட்டரில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் மூன்று இடங்களில் சேமிக்கப்படுகின்றன.

ஒன்று, உங்கள் கணினியில் உள்ள பயனர் கோப்புறை. இடைமுக மொழி, தானியங்கிச் சேமிப்பின் இடைவெளி, உங்கள் பெயர், தானியங்கித் திருத்தப் பட்டியல் ஆகியவை இங்கே இருக்கும். வேறு கணினியில் உட்கார்ந்தால் இவை கூட வராது.

இரண்டு, ஆவணம். எழுத்துரு, பக்க அளவு, ஒவ்வொரு சொல்லுக்கும் குறிக்கப்பட்ட மொழி ஆகியவை ஆவணத்துக்குள்ளேயே எழுதப்படுகின்றன. அதனால்தான் அமைப்புகளில் எழுத்துருவை மாற்றினாலும் நேற்று எழுதிய கட்டுரை மாறுவதில்லை. மாறாதிருப்பதுதான் நல்லதும்கூட: நண்பர் அனுப்பிய கோப்பு உங்கள் விருப்பத்துக்கு ஏற்ப உருமாறினால் அவருடைய பக்கக் கணக்கு என்னாவது?

மூன்று, வார்ப்புரு (டெம்ப்ளேட்). புதிய ஆவணம் ஒவ்வொன்றும் ஒரு வார்ப்புருவிலிருந்து பிறக்கிறது. அடுத்து எழுதப்போகும் ஆவணங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை முடிவுசெய்யும் இடம் இது.

‘மாற்றினேன், ஆனால் மாறவில்லை’ என்று தோன்றும்போதெல்லாம், நான் மாற்றியது இந்த மூன்றில் எதை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அமைப்புப் பெட்டியைத் திறப்பது

விண்டோஸிலும் லினக்ஸிலும் ‘டூல்ஸ்’ பட்டியலின் அடியில் ‘ஆப்ஷன்ஸ்’ இருக்கிறது. ஆல்ட், எஃப்12 இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். மேக்கில் ‘லிப்ரெஆஃபிஸ்’ பட்டியலுக்குள் இருக்கிறது. கமாண்ட் விசையுடன் காற்புள்ளியை அழுத்தலாம்.

திறக்கும் பெட்டியின் இடப்பக்கம் தலைப்புகள் வரிசையாக நிற்கும். ‘லிப்ரெஆஃபிஸ்’ என்பதன்கீழ் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானவை. ‘லோட்/சேவ்’ என்பதன்கீழ் திறத்தலும் சேமித்தலும். ‘லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ்’ என்பதன்கீழ் மொழி (பழைய பதிப்புகளில் இது ‘லாங்குவேஜ் செட்டிங்ஸ்’). ‘லிப்ரெஆஃபிஸ் ரைட்டர்’ என்பதன்கீழ் ரைட்டருக்கே உரியவை. இந்தக் கடைசித் தலைப்பு, ரைட்டர் ஆவணம் ஒன்று திறந்திருக்கும்போதுதான் ஒழுங்காகக் கண்ணில் படும். எனவே வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் கண்ணில் படுவது ‘யூசர் டேட்டா’. இங்கே பெயர் எழுதுவது வெறும் சம்பிரதாயம் என்று பலர் தாண்டிப்போகிறார்கள். ஆவணத்தில் நீங்கள் இடும் குறிப்புகளிலும், திருத்தங்களைப் பதிவுசெய்யும்போது ஒவ்வொரு திருத்தத்தின் மீதும் இந்தப் பெயர்தான் தெரியும். மெய்ப்புத் திருத்துபவர், பதிப்பாசிரியர், எழுத்தாளர் என மூவர் ஒரே கோப்பில் வேலைசெய்யும்போது மூவர் பெயரும் காலியாக இருந்தால், யார் எதை வெட்டினார் என்று யாருக்கும் தெரியாது. பெயரைத் தமிழிலேயே எழுதலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பலர் பயன்படுத்தும் கணினியில் வேறொருவர் பெயர் அங்கே இருந்தால், நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்தின் பண்புகளில் அவர் பெயர் போய் உட்கார்ந்திருக்கும். ‘யூஸ் டேட்டா ஃபார் டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸ்’ என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டால் அது நிற்கும். ஏற்கெனவே ஏறியதை ‘ஃபைல்’ → ‘ப்ராபர்ட்டீஸ்’ சென்று ‘ரீசெட் ப்ராபர்ட்டீஸ்’ பொத்தானால் அழிக்கலாம்.

மொழி: இங்கே நிதானம் தேவை

‘லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ்’ → ‘ஜெனரல்’ பக்கத்தைத் திறங்கள். ஒரே பக்கத்தில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன; மூன்றையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது இயல்பு.

‘யூசர் இன்டர்ஃபேஸ்’ என்பது பட்டியல்களும் பொத்தான்களும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது. தமிழ் இடைமுகம் உண்டு. நிறுவும்போது தமிழைச் சேர்த்திருந்தால்தான் இந்தப் பட்டியலில் அது தெரியும்; மேக்கிலும் பல லினக்ஸ்களிலும் தமிழ் மொழித் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஆவணத்தில் தமிழ் எழுதுவதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடைமுகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழ் முழுமையாக இயங்கும்.

‘லோகேல் செட்டிங்’ என்பது வட்டார வழக்கம்: தேதி எப்படி எழுதப்பட வேண்டும், நாணயக் குறி எது, தசமப் புள்ளி எது. பல கணினிகளில் இது அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். அப்போது நீங்கள் செருகும் தேதியில் மாதம் முன்னால் வரும். ஏப்ரல் 3 என்று நினைத்து அனுப்பிய கடிதம் மார்ச் 4 ஆகப் படிக்கப்படும். இந்தியாவில் இருப்பவர் ‘டமிழ்’ அல்லது ‘இங்கிலிஷ் (இந்தியா)’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் நாள் முன்னால் வரும், ரூபாய் குறி வரும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் தேதிப் புலங்களில் மாதப் பெயர்கள் தமிழில் வரும். மடல்கள் பெரும்பாலும் தமிழில் எழுதுபவருக்கு அதுவே வசதி.

மூன்றாவதுதான் முக்கியம்: ‘டிஃபால்ட் லாங்குவேஜஸ் ஃபார் டாக்குமென்ட்ஸ்’. இங்கே ‘வெஸ்டர்ன்’, ‘ஏஷியன்’, ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்று மூன்று வரிகள் இருக்கும். தமிழைத் தேடி ‘ஏஷியன்’ வரிக்குப் போகாதீர்கள். அது சீனம், ஜப்பானியம், கொரியன் ஆகியவற்றுக்கானது. தமிழ் இருப்பது ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ வரியில். உயிர்மெய்க் குறிகள் முன்னும் பின்னும் ஒட்டி உருமாறும் எழுத்துகள் எல்லாம் இந்தப் பிரிவில் அடங்கும்.

செய்ய வேண்டியது:

1. ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ பெட்டியில் குறி இல்லையென்றால் இடுங்கள்.
2. அதன் எதிரே உள்ள பட்டியலில் ‘டமிழ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. ‘வெஸ்டர்ன்’ வரியில் ‘இங்கிலிஷ் (இந்தியா)’ அல்லது நீங்கள் எழுதும் ஆங்கிலம் எதுவோ அது.
4. ‘ஃபார் த கரன்ட் டாக்குமென்ட் ஒன்லி’ என்ற பெட்டியில் குறி இருக்கக் கூடாது. இருந்தால் மாற்றம் திறந்திருக்கும் ஆவணத்தோடு முடிந்துவிடும்.
5. ‘அப்ளை’ கொடுங்கள்.

இரண்டாவது படியைத் தவிர்த்தால் என்ன ஆகும்? பல கணினிகளில் அந்த வரி தொடக்கத்திலேயே இந்தி என்று இருக்கிறது. நீங்கள் எழுதும் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் ரைட்டர் இந்தி என்றே குறித்துவைக்கும். இந்தி அகராதியும் நிறுவப்பட்டிருந்தால், பக்கம் முழுவதும் சிவப்பு அலைக்கோடுகள். பலர் எரிச்சலில் பிழைதிருத்தியையே நிறுத்திவிடுகிறார்கள்.

நம்பிக்கை இல்லாதவர்கள் நேரே பார்த்துக்கொள்ளலாம். ரைட்டர் சேமிக்கும் ஓடிடி கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகலெடுத்து, அதன் பெயரின் இறுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே ‘ஸ்டைல்ஸ்’ என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் ‘லாங்குவேஜ்-காம்ப்ளக்ஸ்’ என்ற இடத்துக்கு எதிரே தமிழுக்கான ‘டி-ஏ’ இருக்கிறதா, இந்திக்கான ‘எச்-ஐ’ இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்கத் தமிழில் எழுதிய கோப்புகளுக்குள்ளும் ‘எச்-ஐ’ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

பழைய ஆவணத்தில் இதைச் சரிசெய்ய, அமைப்புப் பெட்டி தேவையில்லை. தமிழ்ப் பத்தி ஒன்றில் கர்சரை வைத்தால் திரையின் அடியில் உள்ள நிலைப்பட்டையில் அந்த இடத்தின் மொழி தெரியும். அதைச் சொடுக்கினால், தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும், பத்திக்கு மட்டும், அல்லது ஆவணம் முழுவதற்கும் மொழியை மாற்றலாம்.

மேலே சொன்ன ‘லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ்’ → ‘ஜெனரல்’ பக்கத்திலேயே ‘இக்னோர் சிஸ்டம் இன்புட் லாங்குவேஜ்’ என்று ஒரு பெட்டி உண்டு. விண்டோஸின் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துபவர்கள் அதைக் குறியிடாமல் விடலாம். விசைப்பலகை மாறும்போது சொல்லின் மொழியும் தானே மாறும். விசைப்பலகை எதுவாக இருந்தாலும் ஆவணத்தின் மொழியே இருக்கட்டும் என்பவர்கள் குறியிடலாம்.

பிழைதிருத்தியைப் பற்றி ஒரு சொல். மொழிப் பட்டியலில் எந்த மொழிக்கு அருகே சிறிய குறி தெரிகிறதோ அதற்குத்தான் அகராதி நிறுவப்பட்டிருக்கிறது. தமிழுக்கு அது இல்லையென்றால் லிப்ரெஆஃபிஸின் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) தளத்தில் தேடி நிறுவலாம். எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வீடு’ என்ற சொல் அகராதியில் இருக்கும்; ‘வீட்டிலிருந்துதானே’ இருக்க வேண்டிய அவசியமில்லை. விகுதிகளும் சந்தியும் சேர்ந்து நீளும் மொழியில், சரியான சொல்லின் அடியிலும் சிவப்புக்கோடு விழும். ஆனால் ‘ரைட்டிங் எய்ட்ஸ்’ பக்கத்தில் சொந்த அகராதி ஒன்றை உருவாக்கி, நீங்கள் அடிக்கடி எழுதும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் சேர்த்துவைப்பது பயனுள்ளது.

எழுத்துரு: இரண்டு பட்டியல்கள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன தொல்லைக்கு வரலாம். ‘லிப்ரெஆஃபிஸ் ரைட்டர்’ என்பதன்கீழ் ‘பேசிக் ஃபான்ட்ஸ்’ என்று ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் இருக்கும்: ‘வெஸ்டர்ன்’ ஒன்று, ‘சிடிஎல்’ (காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதன் சுருக்கம்) ஒன்று. இரண்டாவது, மேலே சொன்ன முதல் படியைச் செய்த பிறகே தோன்றும். அதைத் திறந்து பார்த்தால் பல கணினிகளில் தேவநாகரி எழுத்துரு ஒன்றின் பெயர் இருக்கும். அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. எனவே ரைட்டர் கணினியில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. பெட்டியில் ஒரு பெயர், திரையில் வேறொரு எழுத்து. வேறு கணினியில் திறந்தால் அங்கே கிடைக்கும் இன்னொன்று. அச்சகத்தில் கொடுத்த கோப்பு 40 பக்கத்திலிருந்து 43 பக்கமாக வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘டிஃபால்ட்’, ‘ஹெடிங்’, ‘லிஸ்ட்’, ‘கேப்ஷன்’, ‘இண்டெக்ஸ்’ என்ற ஐந்து வரிகளிலும் தமிழ் எழுத்துரு ஒன்றை வையுங்கள். எதை வைப்பது என்பது அவரவர் விருப்பம். என் பரிந்துரை, உடல்பகுதிக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இலவசம், எல்லா இயங்குதளத்திலும் நிறுவலாம், தடித்த எழுத்துக்குத் தனி வடிவம் உண்டு. விண்டோஸில் நிர்மலா யுஐ எப்போதும் இருக்கும்; திரையில் படிக்கத் தெளிவானது, ஆனால் புத்தகப் பக்கத்தில் அலுவலகச் சுற்றறிக்கை போலத் தோன்றும். லதாவும் விஜயாவும் ஒரு காலத்தில் விண்டோஸோடு வந்தவை. விண்டோஸ் 10 முதல் அவை கூடுதல் எழுத்துருத் தொகுப்பில் தனியாக இருக்கின்றன. லதாவில் எழுதிய கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது அவர் கணினியில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

அளவையும் இங்கேயே சரிசெய்யுங்கள். ஒரே எண்ணில் வைத்தால் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஆங்கிலம் லிபரேஷன் செரிஃபில் 12 என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் 11 போதும். ஒரே வரியில் இரண்டும் வரும்போது கண்ணை உறுத்தாது. வரி இடைவெளியை ‘ஃபிக்ஸ்டு’ என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் மேல்விலங்கின் சுழிகளும் ‘கூ’, ‘ஞூ’ போன்றவற்றின் அடிப்பகுதியும் வெட்டுப்படும். ‘ப்ரொபோர்ஷனல்’ பாதுகாப்பானது.

ஏற்கெனவே உள்ள ஆவணத்தில் இவை எதுவும் பாதிப்பை ஏற்படுத்தாது. அங்கே எஃப்11 அழுத்திப் பாணிகளின் பட்டியலைத் திறந்து, ‘டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்’ மீது வலச்சொடுக்கு, ‘எடிட் ஸ்டைல்’, ‘ஃபான்ட்’. அதில் மேற்கத்திய எழுத்துக்குத் தனி இடமும் சிடிஎல் எழுத்துக்குத் தனி இடமும் இருக்கும். இரண்டாவதை மாற்றினால், தனியாக வேறு அலங்காரம் செய்யாத தமிழ் முழுவதும் ஒரே நொடியில் மாறிவிடும். பத்தி பத்தியாகத் தேர்ந்தெடுத்துக் கருவிப்பட்டையில் அளவை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு வழியைப் பழகினாலே மாதக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

கோப்பை வேறு கணினியில் திறக்கப்போகிறீர்கள் என்றால் எழுத்துருவை உள்ளேயே வைத்து அனுப்பலாம். ‘ஃபைல்’ → ‘ப்ராபர்ட்டீஸ்’ → ‘ஃபான்ட்’ சென்று ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ என்பதைக் குறியிடுங்கள். ஆவணத்தில் பயன்பட்டவற்றை மட்டும் சேர்க்கும் பெட்டியையும் குறியிடுங்கள். எழுத்து வகைகளில் ‘காம்ப்ளக்ஸ்’ கட்டாயம் இருக்கட்டும். இது ஆவணத்துக்குள் சேமிக்கப்படும் அமைப்பு, ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் தனியாகச் செய்ய வேண்டும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் உள்ளவை கணினியின் பார்வையில் ஆங்கில எழுத்துகள். தமிழ் முகமூடி மட்டும் அணிந்திருக்கின்றன. அவற்றுக்கு ‘வெஸ்டர்ன்’ பட்டியலின் அமைப்புகளே பொருந்தும். மேலே சொன்ன எதுவும் உதவாது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுவிட்டது. அத்தகைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு வேலையைத் தொடங்குவதே நல்லது.

சேமிப்பு

‘லோட்/சேவ்’ → ‘ஜெனரல்’. மின்வெட்டு என்றால் என்ன என்று அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப்போகக் கூடாது.

‘சேவ் ஆட்டோரெகவரி இன்ஃபர்மேஷன் எவ்ரி’ என்பதற்கு எதிரே 10 நிமிடம் என்று இருக்கும். 3 என்று குறைத்துவிடுங்கள். இன்றைய கணினிகளில் அதனால் வேகம் குறையாது. நூற்றுக்கணக்கான படங்கள் கொண்ட பெரிய கோப்பாக இருந்தால் மட்டும் 5 வைக்கலாம். இது உங்கள் கோப்பைச் சேமிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். மென்பொருள் திடீரென்று நின்றுபோனால் மீட்பதற்கு ஒரு தற்காலிக நகலை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்களே ‘டோன்ட் சேவ்’ கொடுத்து மூடினால் அந்த நகலும் போய்விடும்.

‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்பது வேறு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய வடிவத்தை எடுத்து ஒதுக்கிவைக்கிறது. நான்கு பத்திகளை அழித்துவிட்டுச் சேமித்த பின் அவை வேண்டும் என்று தோன்றினால் கைகொடுப்பது இதுதான். புதிய பதிப்புகளில் இந்தக் குறி ஏற்கெனவே இருக்கக்கூடும், பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த நகல் எங்கே போகிறது என்பதை ‘லிப்ரெஆஃபிஸ்’ → ‘பாத்ஸ்’ பக்கத்தில் ‘பேக்கப்ஸ்’ என்ற வரி சொல்லும். இயல்பாக அது பயனர் கோப்புறையின் ஆழத்தில் எங்கோ இருக்கும். அவசரத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடம். ‘எடிட்’ பொத்தானை அழுத்தி, உங்கள் ஆவணங்கள் கோப்புறைக்குள் ‘காப்பு’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதைக் காட்டிவிடுங்கள். நகல்கள் ‘பேக்’ என்ற முடிவோடு இருக்கும். முடிவை ஓடிடி என்று மாற்றினால் வழக்கம்போல் திறக்கும். முந்தைய ஒரு வடிவம் மட்டுமே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரண்டு முறை சேமித்துவிட்டால் அதற்கு முந்தையது இல்லை.

‘லோட்/சேவ்’ → ‘ஜெனரல்’ பக்கத்தின் அடியில் கோப்பு வடிவம். ஓடிடியா, டாக்எக்ஸா? ரைட்டரின் சொந்த வடிவம் ஓடிடி. 2006-இல் ஐஎஸ்ஓ தரமானது. எதிரில் இருப்பவர்கள் வேர்டு பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் டாக்எக்ஸில் சேமிக்கும்படி அமைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. ஒவ்வொரு சேமிப்பிலும் ரைட்டர் தன் அமைப்பை வேறொரு மென்பொருளின் அமைப்புக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது; சட்டகங்கள், அடிக்குறிப்புகள், பட்டியல் எண்கள் அதில் மெல்ல நகர்ந்துபோகின்றன. எழுதும் காலம் முழுவதும் ஓடிடியில் வைத்திருந்து, அனுப்பும் நாளில் ‘சேவ் ஏஸ்’ மூலம் டாக்எக்ஸ் நகல் எடுத்துக் கொடுங்கள். படிப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப். நாள்தோறும் ஒரே கோப்பு உங்களுக்கும் வேர்டு பயனருக்கும் இடையே போய் வருகிறது என்றால் மட்டும் ‘ஆல்வேஸ் சேவ் ஏஸ்’ பட்டியலில் வேர்டு வடிவத்தை வைக்கலாம்.

தானியங்கித் திருத்தம்

இது ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டிக்குள் இல்லை. ‘டூல்ஸ்’ பட்டியலில் தனியாக, ‘ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்’ என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்காக உருவான வசதிகள் என்பதால் தமிழில் சில உதவும், சில உபத்திரவம்.

வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ‘கேப்பிட்டலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர்’ யூனிகோடுத் தமிழைத் தொடாது. ஆனால் பாமினியில் எழுதுபவருக்கு இது பெரிய சங்கடம். அதில் சிறிய ‘எம்’ என்பது ‘அ’, பெரிய ‘எம்’ என்பது ‘ஆ’. வாக்கியத் தொடக்கத்தில் ‘அம்மா’ என்று தட்டினால், ரைட்டர் உதவுவதாக நினைத்து ‘ஆம்மா’ ஆக்கிவிடும். பழைய எழுத்துருவில்தான் எழுதியாக வேண்டும் என்றால் இந்த ஆட்டோகரெக்ட் பெட்டிக்குள் உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் இதையும், இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் வரியையும் குறி நீக்கிவிடுங்கள்.

வினாத்தாள், தீர்மானம், முகவரிப் பட்டியல் தயாரிப்பவர்களைப் படுத்துவது தானியங்கி எண் பட்டியல். ‘1.’ என்று தட்டி, எழுதி, என்டர் அழுத்தினால் ரைட்டர் அதைப் பட்டியலாக மாற்றி, அடுத்த எண்ணைத் தானே போட்டு, ஓரத்தையும் நகர்த்திவிடுகிறது. வேண்டாம் என்றால் ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் புள்ளி, எண் பட்டியல்களுக்கான வரியில் குறியை எடுங்கள். மூன்று சிறுகோடுகள் போட்டு என்டர் அழுத்தினால் பக்கத்தின் குறுக்கே கோடு விழுவதும் இங்கேதான், ‘அப்ளை பார்டர்’. எந்தத் தானியங்கி மாற்றத்தையும் அது நடந்த கணமே கன்ட்ரோல்-இசட் அழுத்தி ரத்துசெய்யலாம். அமைப்பை மாற்ற மனமில்லாதவர்களுக்கு அதுவே போதும்.

‘வேர்டு கம்ப்ளீஷன்’ இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே எழுதிய நீண்ட சொற்களை நினைவில் வைத்து, பாதியிலேயே மீதியை முன்மொழிகிறது; என்டர் அழுத்தினால் ஏற்றுக்கொள்கிறது. ‘வந்திருக்கிறான்’ என்று முன்பு எழுதியிருந்து, இப்போது ‘வந்திருக்கிறார்’ என்று எழுதப் போனால் மரியாதை குறைந்த வடிவம் வந்து நிற்கும். வேர்ச்சொல் ஒன்றாகவும் விகுதி வேறாகவும் இருக்கும் மொழிக்கு இது ஒத்துவராது.

உதவும் பகுதி ‘ரீப்ளேஸ்’ பட்டியல். நீண்ட சொற்களுக்குச் சுருக்கம் வைத்துக்கொள்ளலாம்: ‘பகழ்’ என்று தட்டினால் ‘பல்கலைக்கழகம்’, ‘மாஆ’ என்று தட்டினால் ‘மாவட்ட ஆட்சியர்’. உண்மையான சொல் எதனுடனும் மோதாத சுருக்கமாக இருக்க வேண்டும். மேலே உள்ள மொழிப் பட்டியலைக் கவனியுங்கள். அங்கே ஆங்கிலம் இருக்கும்போது சேர்த்த சுருக்கம் தமிழ் எனக் குறிக்கப்பட்ட இடத்தில் வேலை செய்யாது. தமிழைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள்.

சிறு மாற்றங்கள்

அங்குலம் காட்டினால் ‘லிப்ரெஆஃபிஸ் ரைட்டர்’ → ‘ஜெனரல்’ பக்கத்தில் சென்டிமீட்டராக மாற்றுங்கள். வேர்டின் நாடா வடிவத்துக்குப் பழகியவர்கள் ‘வியூ’ → ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ சென்று ‘டேப்டு’ எடுத்துக்கொள்ளலாம். இடைவெளிகளையும் பத்தி முடிவுகளையும் கண்ணால் பார்க்க கன்ட்ரோல்-எஃப்10. அவற்றில் எவை தெரிய வேண்டும் என்பது ‘ஃபார்மேட்டிங் எய்ட்ஸ்’ பக்கத்தில். ‘லிப்ரெஆஃபிஸ்’ → ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் மேக்ரோ (ஆவணத்துக்குள் இருந்து இயங்கும் சிறு நிரல்) பாதுகாப்பு ‘ஹை’ என்று இருக்கும். யார் சொன்னாலும் குறைக்காதீர்கள். அதற்கு அருகிலேயே ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ பெட்டியில், திருத்தப் பதிவுகளோ குறிப்புகளோ உள்ள கோப்பைச் சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் எச்சரிக்கும் வசதி உண்டு. ‘இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு தொகை?’ என்று ஓரத்தில் எழுதிய குறிப்போடு கோப்பு அந்த ஆளுக்கே போய்ச் சேராமல் தடுக்க அது உதவும்.

எல்லாவற்றையும் வார்ப்புருவில் பூட்டுவது

புதிய ஆவணம் ஒன்றைத் திறங்கள். ‘ஃபார்மேட்’ → ‘பேஜ் ஸ்டைல்’ சென்று தாளின் அளவைப் பாருங்கள். அமெரிக்க வட்டாரம் இருந்த கணினிகளில் ‘லெட்டர்’ நிற்கும்: 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைப்பது ஏ4: 210-க்கு 297. இதைக் கவனிக்காமல் அச்சிட்டால் ஓரங்கள் கணக்குத் தப்பும். ஏ4 ஆக்கி, ஓர இடைவெளிகளை உங்கள் வழக்கப்படி வையுங்கள். பிறகு எஃப்11 மூலம் உடல்பகுதிப் பாணி, தலைப்புப் பாணிகள் ஆகியவற்றில் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி. அடியில் பக்க எண் வேண்டுமென்றால் அதையும் இப்போதே சேருங்கள்.

பிறகு ‘ஃபைல்’ → ‘டெம்ப்ளேட்ஸ்’ → ‘சேவ் ஏஸ் டெம்ப்ளேட்’. பெயர் கொடுத்து, ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, ‘செட் ஏஸ் டிஃபால்ட் டெம்ப்ளேட்’ என்பதைக் குறியிட்டுச் சேமியுங்கள். இனி கன்ட்ரோல்-என் அழுத்தும்போதெல்லாம் இந்த வடிவமே வரும். சொந்த வார்ப்புரு அமைத்த பிறகு ‘பேசிக் ஃபான்ட்ஸ்’ பக்கத்தில் செய்யும் மாற்றங்கள் புதிய ஆவணங்களில் தெரியாது. வார்ப்புருவின் பாணிகளே வெல்லும். எழுத்துருவை மாற்ற நினைத்தால் வார்ப்புருவையே திருத்த வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-என் அழுத்தி வார்ப்புரு மேலாளரில் இயல்நிலை வார்ப்புருவை மீட்டமைக்கலாம்.

குழம்பிவிட்டால், கணினி மாறினால்

எதையோ மாற்றி மென்பொருளே தடுமாறத் தொடங்கினால், நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் பலருக்குத் தோன்றும் வழி. அதனால் பயன் இல்லை. அமைப்புகள் பயனர் கோப்புறையில் இருப்பதால் மறுநிறுவலிலும் அதே கோளாறு அப்படியே திரும்ப வரும். ‘ஹெல்ப்’ → ‘ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்’ கொடுங்கள். உங்கள் அமைப்புகளைத் தொடாமல் மென்பொருள் தற்காலிகமாக வெறுமையாகத் திறக்கும். கோளாறு இப்போது இல்லையென்றால் பழி அமைப்புகளின் மீதுதான். அந்தப் பெட்டியிலேயே நீட்சிகளை மட்டும் முடக்குவது, முந்தைய நல்ல நிலைக்குத் திரும்புவது, எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது எனப் படிகள் இருக்கும். மேலிருந்து கீழாக முயலுங்கள். கடைசிப் படியில் உங்கள் சுருக்கப் பட்டியலும் சொந்த அகராதியும் வார்ப்புருவும் போய்விடும்.

அதற்கு முன் அதே பெட்டியின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் பயனர் கோப்புறையை ஜிப்பாக எடுத்துவைக்கும் பொத்தானை அழுத்துங்கள். கோளாறு இல்லாத நாளில் எடுத்த ஜிப் இன்னும் பயனுள்ளது. புதிய கணினியில் லிப்ரெஆஃபிஸை நிறுவி, ஒருமுறை திறந்து மூடி, அதன் பயனர் கோப்புறையில் இந்த ஜிப்பின் உள்ளடக்கத்தை வைத்தால் மேலே சொன்ன அனைத்தும் அப்படியே வந்துவிடும். எழுத்துருக்களை மட்டும் தனியாக நிறுவ வேண்டும். அவை இந்தக் கோப்புறையில் இல்லை.